கொதிகலனும் கிணறும்

கற்பனையில் ஓர் உலகைப் படைப்பவன் தான் விரும்பிய யாவற்றையும் அதில் நிறைத்துவிடலாம் என்று கருதுவது இயல்பு. ஆயின், அவ்வுலகில் எது அரிது என்று தீர்மானிக்கப்படும் வரை அஃது உயிர் பெறுவதில்லை. சுன்னாகத்து இளைஞன் ஒருவன் இவ்வுண்மையைத் தன் வீட்டு விறாந்தையிலேயே கற்றுக்கொண்டான்.

பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த அவன், நண்பர் நால்வருடன் ஆடுவதற்கெனப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டமொன்றை ஆயத்தப்படுத்தினான். இவ்வகை ஆட்டத்துக்கு வழிகாட்டியது, 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். மேசையைச் சுற்றி அமர்வோருள் ஒருவர் நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் நிலைமையைக் கூற, ஆடுவோர் தாம் செய்யப்போவது யாதெனச் சொல்வர். ஐயத்துக்குரிய செயலின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். கதை நிகழும் உலகைக் கடையில் வாங்கவும் கூடும். நடத்துநர் தாமே ஆக்கிக்கொள்ளவும் கூடும். அவன் தானே ஆக்க முற்பட்டான்.

அவன் தேர்ந்துகொண்டது நீராவி யுகப் புனைவு. மின்சாரமும் கணினியும் பெற்ற இடத்தை நீராவி இயந்திரமே பெற்றிருந்தால் உலகு எவ்வாறிருக்கும் என்ற வினாவிற் பிறந்தது இவ்வகை. 1987 இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் எழுத்தாளர் இதற்கு 'ஸ்டீம்பங்க்' என விளையாட்டாகப் பெயரிட்டார். இதன் வேர்கள் அதனினும் பழையன. பிரெஞ்சு எழுத்தாளர் யூல் வேர்ண் 1880 இலேயே, நீராவியால் இயங்கும் இரும்பு யானையொன்று வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவிற் பயணஞ் செய்வதாகக் கதை புனைந்திருந்தார்.

முதலில் அவன் அமைத்த நகரம் இலண்டனின் நிழலாகவே இருந்தது. மூடுபனி, நிலக்கரிப் புகை, பித்தளைப் பற்சக்கரங்கள் யாவும் அதில் இருந்தன. நண்பர்கள் இரண்டு மாலைகள் ஆடினர், மூன்றாம் மாலை ஒருவன், "மச்சான், இந்த ஊரிலை எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டான். அக்கேள்விக்கு அவனிடம் விடை இருக்கவில்லை.

எனவே அவன் சொந்த ஊரை நோக்கித் திரும்பினான். 1905 இல் கொழும்புடன் இணைந்த வடபகுதிப் புகையிரதப் பாதை சுன்னாகத்தினூடாகவே காங்கேசன்துறைக்குச் செல்கிறது. 1990 இல் நின்றுபோன வண்டி 2015 இல் மீண்டும் அவ்வழி ஓடத் தொடங்கியது. 1930 இல் நா. பொன்னையா தொடங்கிய 'ஈழகேசரி' இவ்வூரிலிருந்தே 1958 வரை வெளிவந்தது. புகையிரதமும் அச்சியந்திரமும் சந்தையும் அருகருகே அமைந்த ஊர் நீராவி யுகக் கதைக்கு நன்கு பொருந்துவதாயிற்று. பொறிகளுக்கும் பிறநாடு செல்லவேண்டியிருக்கவில்லை. சச்சந்தன் தன் தேவியை ஏற்றியனுப்பிய மயிற்பொறி சீவகசிந்தாமணியில் உண்டு; வீரரை வயிற்றில் மறைத்த பொறியானை உதயணன் கதையில் உண்டு; மதுரை மதிலைக் காத்த பொறிகளின் நீண்ட வரிசை சிலப்பதிகாரத்தில் உண்டு. நிலக்கரி இல்லாத குடாநாட்டில் அவன் ஊமற்கரியை எரிபொருளாக்கினான். வயல்வெளிகளுக்கு மேலே மயிற்பொறிகள் பறந்தன.

ஒருநாள் அவனது ஆச்சி, வெற்றிலை இடித்தபடி இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "தம்பி, உந்த மிசினுகளுக்குத் தண்ணி எந்தக் கிணத்திலையிருந்து?" என்றார்.

நண்பர்கள் சிரித்தனர், அவனாற் சிரிக்க முடியவில்லை. அவ்வீட்டுக் கிணற்றில் எண்ணெய் மிதந்த நாள்களை அவன் அறிவான். முற்றத்தில் நின்ற பவுசரிலிருந்து குடங்களிற் குடிநீர் பிடித்த சிறுவன் அவனே. சுன்னாகத்து நிலத்தடிநீர் எண்ணெயால் மாசுற்றமை தொடர்பான வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனமொன்று பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டுமென 2019 இல் இலங்கை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒளி தரும் இயந்திரத்துக்கு ஊர் என்ன விலை கொடுக்கும் என்பதை ஆச்சி புத்தகத்தில் படித்தறிந்தவரல்லர்.

அன்றிரவே அவன் தன் உலகின் விதிகளை மாற்றி எழுதினான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லினூடு இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழிருந்து உவர் நாற்பதடி எழும் என்பது அதன் மறுபக்கம். அந்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு கேத்தலின் உட்புறத்தில் வெண்படையாகப் படிவதை ஊரார் நாள்தோறும் காண்கின்றனர். கொதிகலனிலும் அவ்வாறே படியும். படை தடித்தால் வெப்பம் நீரைச் சேராது. உலோகம் சூடேறித் தளர்ந்து வெடிக்கவும் கூடும்.

இவை அனைத்தும் விதிகளாயின. ஆடுவோர் பொறியொன்றை இயக்குந்தோறும் ஊர்க் கிணற்றின் மட்டம் ஒரு விரல் தாழும். கொப்பியில் உவரின் கோடு நாற்பது விரல் உயரும். மழைக்காலம் மட்டுமே அதனைக் கீழிறக்கும். கொதிகலனின் படையைச் சுரண்டுவோர் தனியொரு தொழிற்குலமாயினர்; பகடையில் ஒன்று விழுந்தால் அவர்களைத் தேடி ஓடவேண்டும்.

அதன்பின் ஆட்டத்தின் போக்கே மாறிற்று. முன்பு பகைவரைத் தேடி அலைந்தவர்கள் இப்போது கிணற்றடியிற் கூடி வாதிட்டனர். வெங்காயத் தோட்டக்காரனாக ஆடியவன், அச்சகத்தின் இயந்திரத்தை வாரத்தில் இரு நாள் நிறுத்தவேண்டுமென்றான். அச்சகத்தாளாக ஆடியவன், செய்தி நின்றால் ஊர் குருடாகும் என்றான். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. பகடையை எடுக்க எவரும் கை நீட்டவில்லை.

விடுமுறையின் இறுதி மாலையில், நோயுற்ற குழந்தையொன்றை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. மயிற்பொறி ஆயத்தமாக நின்றது. கிணற்றின் கோடோ விளிம்பில் நின்றது. நால்வரும் நெடுநேரம் பேசி, மாட்டுவண்டி பூட்டுவதென முடிவு செய்தனர். குழந்தை பிழைக்குமா என்பதை இருபது முகப் பகடையிடம் விட்டனர். பதினான்கு விழுந்தது; பிழைத்தது.

விறாந்தை விளக்கின்கீழ் அவர்கள் ஆரவாரித்தனர். ஆச்சி உள்ளிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வண்டியிலை போனதோ? நல்லது" என்று மட்டும் சொல்லிச் சென்றார்.