சோலைவரிப் பற்றுச்சீட்டுகள்

சனவரி மாதம் முப்பத்தோராம் நாளுக்குள் அவ்வாண்டுக்குரிய சோலைவரி முழுவதையும் கட்டிவிடுவோர்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு உண்டு. இச்சலுகையை எங்கள் ஐயா தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் தவறவிட்டதை நான் அறியேன். தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் புறப்படுவார். மதியத்துக்குப் பின் வந்து, பற்றுச்சீட்டைச் சுவாமி அறைக் கதவின் பின்னே தொங்கிய வளைகம்பியிற் குத்திவிடுவார். கழிவாகக் கிடைத்த காசு அவர் வழியிற் குடித்த தேநீருக்கும் போதாது என்று நாங்கள் நகைத்ததுண்டு. "அது காசுக்காக இல்லை" என்பார். வேறெதற்காக என்று அவர் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

சோலைவரி என்னுஞ் சொல்லை முதன்முதற் கேட்கும் ஒருவர், வளவில் நிற்கும் மாவுக்கும் பலாவுக்கும் விதிக்கப்படும் வரியென்றே எண்ணக்கூடும். உண்மையில் அது வீட்டுக்குரியது; அதனினும் சரியாகச் சொன்னால், வீட்டின் கற்பனை வாடகைக்குரியது. இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, திருத்தச் செலவுக்கென ஒரு பங்கைக் கழித்து, எஞ்சுவதை ஆண்டுப் பெறுமதி என்பர். அப்பெறுமதியில் இத்தனை வீதம் எனச் சபை வரி விதிக்கும். ஆகவே சொந்த வீட்டில் வாழ்பவன் தனக்குத் தானே வாடகைக்காரனாகி, ஒருவரும் கொடாத வாடகையின் பேரில் வரி கட்டுகின்றான். சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டை ஒட்டி, குடியிருக்கும் வீட்டின் கற்பனை வாடகையை வருமானமாகக் கொள்ளும் திட்டமொன்று 2024ஆம் ஆண்டிற் பேசப்பட்டபோது நாடே கலங்கியது. அத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஆயின், அதே கற்பனையின் மீது உள்ளூராட்சி மன்றங்கள் தலைமுறை தலைமுறையாக வரி அறவிட்டு வருவதை அப்போது எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இம்முறையில் ஒரு கோணல் உண்டு. வீட்டைத் திருத்தினால் வரி ஏறும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர், மதிப்பீட்டாளர் வந்து போகும்வரை புதிய விறாந்தைக்குச் சாந்து பூசாமலே இரண்டு மாரியைக் கழித்தார். அவரைக் கள்வரென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டடத்தை விட்டு நிலத்தின் பெறுமதிக்கே வரி விதிக்கவேண்டும் என ஹென்றி ஜோர்ஜ் 1879ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதிட்டதற்கு இத்தகைய விறாந்தைகளும் ஒரு நியாயமாகும்.

ஐயாவின் கம்பி பயன்பட்டது 1995ஆம் ஆண்டிலேயாம். ஒக்ரோபர் முப்பதாம் நாள் இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தபோது, அம்மா ஒரு பையை மட்டும் கையிலிருந்து இறக்கவில்லை. அதற்குள் காணி உறுதியும், கம்பியோடு கழற்றிய பற்றுச்சீட்டுக் கட்டும் இருந்தன. அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் திரும்பி வந்தோம். கூரையில்லை, கதவில்லை, எல்லை வேலியின் கதியால்களும் இல்லை. உறுதி நனைந்து, எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தது. பற்றுச்சீட்டுகளோ, கம்பி துருவேறிய இடம் தவிர, அப்படியே இருந்தன. வீட்டிலக்கமும் ஐயாவின் பெயரும் ஆண்டும் தொகையும் அவற்றில் இருந்தன. பின்னர் கந்தோர் கந்தோராக ஏறி, இவ்வீட்டில் நாங்களே வாழ்ந்தோம் என்று காட்டவேண்டி வந்தபோதெல்லாம் அம்மா அக்கட்டையே மேசையில் வைத்தார். சோலைவரிப் பற்றுச்சீட்டு உறுதிக்கு ஈடாகாது. சட்டம் அதனை உரித்துக்குரிய பத்திரமாகக் கொள்வதில்லை. எனினும் தொடர்ந்து ஆண்டு அனுபவித்தமைக்கு அது சாட்சி சொல்லும். ஐயா அப்போது இல்லை.

இதனால் வரி நன்றென்று முடிவுகட்டுவது உணர்ச்சி வயப்பட்டதாகும். சாட்சி வேண்டுமாயின் பத்து ரூபா வரியும் போதும். உயர்ந்த வரி வீட்டுக்காரனுக்குத் தகுமா என்பதே வினா. அவ்வினா சென்ற ஆண்டு எங்கள் படலைக்கு வந்தது. நெடுங்காலத்துக்குப் பின் நடந்த மீள்மதிப்பீட்டில் எங்கள் வீட்டின் ஆண்டுப் பெறுமதி 30,000 ரூபாவிலிருந்து 90,000 ரூபாவாகியது. ஆறு வீதப்படி 1,800 ரூபாவாக இருந்த வரி 5,400 ரூபாவாயிற்று. ஒழுங்கை கொதித்தது. குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை செய்யலாமென்று அறிவித்தலிலேயே இருந்தமையால், அனைவருக்குமாக ஒரு மாதிரிக் கடிதம் எழுதித் தரும் பணி, படித்தவன் என்ற குற்றத்துக்காக, என்மேல் விழுந்தது.

கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது ஒரு கணக்குப் பார்த்தேன். வாய்க்காலுக்கு மதகு இல்லாமையால் ஆண்டுதோறும் கார்த்திகை மழைக்கு முன் படலையடியில் இரண்டு உழவு இயந்திர மண் கொட்டுகிறோம். குப்பை வண்டி ஒழுங்கைக்குள் வருவதில்லை. பிளாஸ்ரிக்கை வளவின் மூலையில் எரித்துப் புகையை நாமே உண்கிறோம். எல்லாவற்றிலும் பெரிது கிணறு. வலிகாமத்தின் நிலம் சுண்ணாம்புக்கல். மேலிருந்து ஊறுவதை வடிகட்டாமலே கீழே விடும். தோட்டப் பசளையும் மலக்குழிக் கழிவும் சேர்ந்து கிணற்று நீரில் நைத்திரேற்றைப் பெருக்கியிருப்பதை ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். ஆதலால் குடிநீரை விலைக்கு வாங்குகிறோம். இவற்றுக்கு நான் செலவிட்ட தொகை பழைய வரியைப்போற் பன்மடங்கு. புதிய வரியையும் எளிதில் விஞ்சியது. குறைந்த வரி எனக்கு இலாபம் தரவில்லை. நான் தனித்தனியே, அதுவும் அரைகுறையாக, வேறொரு வரியைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆயிரம் வீடு தனித்தனியே மண் கொட்டினாலும் ஒரு வாய்க்கால் ஆகாது.

பொருளியலாளர் வொலஸ் ஓற்ஸ் 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து ஊர்களை வைத்து இதனை ஆராய்ந்தார். வரி ஏறும்போது வீட்டின் விலை இறங்கியது. அவ்வரிப்பணம் ஊர்ப் பாடசாலைகளுக்குச் செலவானபோது விலை மீண்டும் ஏறியது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்தன. அங்கே பாடசாலையே அவ்வரியில் நடக்கிறது. இங்கே பாடசாலையும் மருத்துவமனையும் அரசுகளின் பொறுப்பு. சபைக்கு உள்ளது ஒழுங்கை, வாய்க்கால், விளக்கு, குப்பை, சந்தை, நூலகம், மயானம் ஆகியன. ஆயினும் உண்மை ஒன்றே: பணம் போன வழியே திரும்பி வந்தால் உயர்ந்த வரி சுமையன்று, வராவிட்டால் சிறிய வரியும் நட்டமே.

அது திரும்பி வருமா? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தபின், 2025 மே ஆறாம் நாள் தேர்தல் நடக்கும்வரை நாட்டின் ஏறத்தாழ எல்லாச் சபைகளிலும் மக்கள் தெரிந்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. சபையை உத்தியோகத்தரே நடத்தினர். வரி மட்டும் காலாண்டு தவறாமல் அறவிடப்பட்டது. மதகு எங்கே என்று கேட்பதற்கு, அடுத்த முறை வாக்குக் கேட்டு வரவேண்டிய ஒருவராவது வேண்டாமா?

இன்னொன்றும் என்னை உறுத்தியது. எங்கள் ஒழுங்கையின் மிகப்பெரிய வீட்டில் மாமி ஒருவர் தனியே வாழ்கிறார். சீதனமாக வந்த நாற்சார் வீடு. மழைக்கு இரண்டறை இடிந்துபோயிற்று. வருமானமென்று சொல்ல, வளவுத் தேங்காயன்றி வேறில்லை. ஆண்டுப் பெறுமதி சுவரை அளக்கும், பானையை அளக்காது. கலிபோர்னியா மக்கள் இத்தகைய முதியோரை முன்னிறுத்தி 1978ஆம் ஆண்டிற் பதின்மூன்றாம் முன்மொழிவை நிறைவேற்றினர். வரிக்குரிய பெறுமதி ஆண்டுக்கு இரண்டு வீதத்துக்கு மேல் உயரலாகாது. வீடு கைமாறும்போதே புதிய மதிப்பீடு. விளைவாக, அடுத்தடுத்த வீட்டார் பன்மடங்கு வேறுபட்ட வரியைக் கட்டுகின்றனர். செல்வரும் அந்நிழலிலேயே தங்குகின்றனர். மாமியைக் காக்க எல்லோரையும் காப்பது விலைகூடிய வழி. மாமியையே காக்கலாம்.

ஒழுங்கையாருக்கு மாதிரிக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். என் வீட்டுக்கு அதனை அனுப்பவில்லை. "வாத்தியாருக்குக் காசு கூடிப்போச்சு" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். விசாரணை நாளன்று மாமியைக் கூட்டிச் சென்றேன். உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். பின்னர் நேரில் வந்து இடிந்த அறைகளைப் பார்த்துப் பெறுமதியைக் குறைத்தார். அவ்வளவுதான் அவராற் செய்யக்கூடியது. மாமியின் வறுமையை எழுதுவதற்கு அவருடைய படிவத்தில் இடமில்லை.

இவ்வாண்டு சனவரி இறுதிக்குள் 540 ரூபா கழிவு போக 4,860 ரூபா கட்டினேன். பற்றுச்சீட்டு ஐயாவின் கம்பியில் இருக்கிறது. அன்றே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பமும் கொடுத்தேன்: எங்கள் ஒழுங்கையிலிருந்து கடந்த ஐந்தாண்டுகளில் அறவிட்ட வரி எவ்வளவு, எங்கள் ஒழுங்கைக்குச் செலவிட்டது எவ்வளவு. பதிலளிப்பதற்குரிய பதினான்கு வேலை நாள்களில் ஒன்பது கழிந்துவிட்டன.