அப்பா, பஜ்ஜி, ஏர் ஃப்ரையர்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து மூன்றாவது மாதம். வாக்கிங் போய்விட்டு வந்தவர் மேல் மிளகாய் பஜ்ஜி வாசம். கேட்டேன். "ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா" என்றார். பொய் என்று ரெண்டு பேருக்குமே தெரியும்.

தப்பு என்னுடையதுதான். "பொரிச்சது எதையும் தொடாதீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். ஓபியில் தினமும் சொல்கிற அதே வரி. பதிலுக்கு என்ன சாப்பிடலாம் என்று யோசித்ததே இல்லை. வீட்டில் கிடைக்கலைன்னா மனுஷன் டீக்கடைக்குத்தான் போவார். அங்கே திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற எண்ணெய்!

அந்த வாரமே ஏர் ஃப்ரையர் வாங்கினேன். பேர்தான் ஃப்ரையர். மேலே ஒரு ஹீட்டர் காயில், ஒரு ஃபேன். சூடான காற்றை வேகமாகச் சுற்றவிடும் குட்டி அவன், அவ்வளவுதான்.

இது புரியாமல் முதல் நாளே பஜ்ஜி போட்டேன். மாவு கூடையின் ஓட்டை வழியாக ஒழுகி, அடியில் கருகி, வீடெல்லாம் புகை. கரைத்த மாவு சட்டென்று இறுகுவதற்குக் கொதிக்கிற எண்ணெய் வேணும், காற்றால் முடியாது. அடுத்த நாள் அப்பளம். அது பறந்து போய் காயிலில் ஒட்டிக்கொண்டது. "எம்பிபிஎஸ் படிச்சியா, இல்ல எதாவது வாங்கிட்டியா?" என்றார் அம்மா.

மூன்றாவதாக வாழைக்காய். மெல்லிய வட்டமாக நறுக்கி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறி 10 நிமிஷம் ஊறவிட்டேன். 180 டிகிரியில் 3 நிமிஷம் மெஷினைச் சூடாக்கி, ஒரே அடுக்காகப் பரப்பி, நடுவில் ஒருமுறை குலுக்கிவிட்டு 14 நிமிஷம். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் மொறுமொறுப்பு வராது, அவிஞ்சு போயிடும். எண்ணெயே விடாமல் செய்தால் காய்ந்த சருகு மாதிரி இருக்கும். அதையும் செய்து பார்த்தாச்சு.

ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி. அம்மா வாழைக்காய் வறுக்க நாலு ஊற்றுவார். இப்போது ஒரு டீஸ்பூன். லாபம் இதுதான், இதற்குமேல் மாயம் ஒன்றும் கிடையாது.

ஏன் சொல்றேன்னா, ஒரு பேஷன்ட் "ஏர் ஃப்ரையர்லதான் டாக்டர் பண்றேன், அப்புறமும் சுகர் குறையல" என்றார். விசாரித்தால் தினமும் ஃப்ரோசன் பாக்கெட் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ். ஐயா, மெஷின் எண்ணெயைத்தான் குறைக்கும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்து, பாக்கெட்டில் இருக்கிற உப்பு எல்லாம் அப்படியே உள்ளேதான் போகும். எப்போதாவது உருளைக்கிழங்கு போடுவதென்றால் நறுக்கி அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துப் போடுங்க. பொன்னிறம் வந்ததும் எடுத்துடுங்க. கருகக் கருக அக்ரிலமைடு என்கிற வேண்டாத பொருள் கூடும்.

இன்னொன்று. பெரும்பாலும் 1500 வாட் மெஷின்கள். மிக்ஸி, கெட்டிலோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீங்க. 16 ஆம்பியர் பாயின்ட்தான் நல்லது.

வாழைக்காயைச் சாப்பிட்ட அப்பா, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை வறுவல்னு சொல்லாதே, சுட்ட வாழைக்காய்னு சொல்லு" என்றார். நியாயமான தீர்ப்பு. இப்போது ஞாயிற்றுக்கிழமை நெத்திலியும் அவரே அடுக்கிவைக்கிறார். மெஷினை என்னைத் தொடவிடுவதில்லை.

நேற்று வாக்கிங் முடிந்து வந்ததும் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். டீ வாசம் மட்டும்தான்.

"பாக்கெட்டையும் பாத்துக்கோ" என்றார்.