விழுந்த மரம் யாருக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பிள்ளையாக வளர்த்த தென்னைகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. அறுத்து அப்புறப்படுத்தினால்தான் மிச்ச மரம் பிழைக்கும். மட்கும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அதிலேயே வளர்ந்து வண்டாகி, நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும். நஷ்டத்தோடு அறுப்புக் கூலியும் சேர்ந்துகொண்டது.

கோடியக்கரைக் காட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பாலை மரம் விழுந்தால் கரையான் அரிக்கும், காளான் முளைக்கும், அடியில் ஈரம் தங்கும், உளுத்தது மண்ணாகும். பட்ட மரத்தில் மரங்கொத்தி பொந்து குடையும். பிறகு மைனா குடியேறும். தோப்புக் கண்ணோடு பார்த்து ‘சுத்தம்’ செய்தால் மண் இளைத்துப்போகும். ஆனால், சுள்ளி பொறுக்கி உலை வைக்கிற அம்மாவிடம் இதைச் சொல்வதென்றால், சிலிண்டர் விலையையும் பேச வேண்டியிருக்கும்.