பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர்

ப்ராஜெக்ட் ரிலீஸ் முடிந்த கையோடு எனக்குக் கனமான புத்தகம் எதுவும் ஏறாது. மூன்று வாரம் லாக் ஃபைல்களையே பார்த்த கண்ணுக்கு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிற கதை வேண்டும். அப்படி இந்த மழைக்காலத்தில் நான்கு த்ரில்லர்களை அடுத்தடுத்துப் படித்தேன். கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’, ஃப்ரெடரிக் ஃபோர்சைத்தின் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’, கில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’, லிஸ் மூரின் ‘லாங் பிரைட் ரிவர்’. முதல் மூன்றின் முடிவையும் இங்கே போட்டு உடைக்கப் போகிறேன். ஹிகாஷினோவை இன்னும் படிக்காதவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

ராஜேஷ்குமாரையும் சுஜாதாவையும் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்து வளர்ந்த எவருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முதல் அத்தியாயத்தில் ஒரு பிணம் விழும். அந்தப் பிணத்தின் வேலை, கதவைத் திறந்துவிடுவது. திறந்ததும் அது ஓரமாக நகர்ந்துகொள்ள வேண்டும். பிறகு போலீஸ் வரும், கணேஷ் வருவார், வசந்த் ஜோக்கடிப்பான். யார் கொன்றது, எப்படிக் கொன்றது, ஏன் கொன்றது என்ற மூன்று கேள்விகளும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியவை. செத்தவரை யார் தேடினார்கள் என்ற நான்காவது கேள்வியை இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. இந்தத் தடவை நான்கு புத்தகங்களிலும் எனக்கு அந்தக் கேள்விதான் மாட்டியது. அதற்குக் காரணம் ஹிகாஷினோ.

‘சஸ்பெக்ட் எக்ஸ்’ 2005இல் ஜப்பானில் வெளிவந்து நவோகி விருது வாங்கிய நாவல். இஷிகாமி ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். பெரிய கணித மேதையாக வந்திருக்க வேண்டியவர், வாழ்க்கை அவரை டோக்கியோவின் ஒரு சின்ன அபார்ட்மென்ட்டில் உட்காரவைத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் யாசுகோ, அவள் மகள் மிசாதோ. யாசுகோ ஒரு பென்டோ கடையில், அதாவது பொட்டலச் சாப்பாட்டுக் கடையில், வேலை பார்க்கிறாள். முன்னாள் கணவன் டோகாஷி வீடு தேடி வந்து தொல்லை கொடுக்க, கைகலப்பில் தாயும் மகளும் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். சத்தம் கேட்டுக் கதவைத் தட்டுகிற இஷிகாமி, “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று பொறுப்பெடுத்துக்கொள்கிறார். ஆற்றங்கரையில் முகம் சிதைந்து, விரல் ரேகை எரிக்கப்பட்ட ஒரு பிணம் கிடைக்கிறது. டோகாஷிதான் என்று போலீஸ் அடையாளம் காண்கிறது. மார்ச் 10ஆம் தேதி ராத்திரி எங்கே இருந்தீர்கள் என்று யாசுகோவைக் கேட்கிறார்கள். மகளோடு சினிமாவுக்குப் போனேன் என்கிறாள். அது உண்மையும்கூட. எத்தனை தடவை கேட்டாலும் அது உடையவே மாட்டேன் என்கிறது.

ஏனென்றால் டோகாஷி செத்தது 9ஆம் தேதி. ஆற்றங்கரையில் கிடந்தது டோகாஷியே இல்லை.

வடிவியல் கணக்கு மாதிரித் தெரியும், உள்ளே போனால் ஃபங்ஷன் கணக்கு. இஷிகாமி பரீட்சைக்கு இப்படித்தான் கேள்வித்தாள் எடுப்பார். கொலையையும் அப்படியே வடிவமைத்திருக்கிறார். ப்ரோகிராம் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். எல்லோரும் தேடுவது ஒரு மாட்யூலில், பிழை இருப்பதோ வேறொன்றில். சுத்தமான டிசைன்.

சரி, அப்போது அந்தப் பிணம் யாருடையது?

நாவலின் முதல் சில பக்கங்களிலேயே அவர் வந்துவிடுகிறார். சுமிதா ஆற்றின் கரையில், பாலத்துக்குக் கீழே, நீல ஷீட்டுகளைக் கட்டிக்கொண்டு வீடற்றவர்கள் வாழ்கிறார்கள். இஷிகாமி தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்கு நடந்து போகிறார். அங்கே ஒரு பெஞ்சில் புதிதாக ஒருவர். முடி வெட்டி, ஷேவ் செய்து, கொஞ்சம் கௌரவமாக இருக்கிறார். நீல ஷீட்டுக்காரர்களோடு இன்னும் சேரவில்லை, சேரவும் மனசில்லை. ஏதோ தொழில்துறைப் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து இஷிகாமி மனதுக்குள் அவருக்கு ஒரு பெயர் வைக்கிறார்: இன்ஜினியர்.

அவ்வளவுதான். நாவலில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. யாசுகோவைக் காப்பாற்ற இன்னொரு பிணம் தேவைப்பட்டபோது, காணாமல் போனால் யாரும் புகார் கொடுக்காத ஒரு மனிதர் இஷிகாமிக்குத் தேவைப்பட்டார். ஒரு நாள் வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் அவரைக் கூப்பிடுகிறார். வேலை என்றதும் அவர் வருகிறார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு பால்கனியில் போய் நின்றேன்.

ஓ.எம்.ஆரில் முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. பதினோரு மணிக்கு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் எங்கள் டீமின் சீனியர் ஒருவர் லேப்டாப்பையும் ஐடி கார்டையும் கொடுத்துவிட்டார். சாட்டில் அவர் பெயர் சாம்பல் நிறமாக மாறியது. வயது நாற்பத்தைந்துக்கு மேல், நாங்களெல்லாம் அண்ணா என்று கூப்பிடுவோம். அதற்கப்புறமும் மூன்று வாரம், இன் செய்த சட்டையோடு, காலிப் பையை மாட்டிக்கொண்டு, ஆபீஸுக்குப் பின்னாலிருந்த டீக்கடைக்கு அதே நேரத்துக்கு வருவார். மர பெஞ்சில் உட்கார்ந்து போனில் க்ளவுட் சர்டிஃபிகேஷன் வீடியோ பார்ப்பார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார். ஒரு நாள் வரவில்லை. ஆபீஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை. டீக்கடை மாஸ்டர்தான் கேட்டார்.

“அந்த சார் எங்க, இப்பல்லாம் ஆளையே காணோம்?”

“ஊருக்குப் போயிட்டார்ண்ணே. ஏன், பாக்கி ஏதாச்சும் வச்சிருக்காரா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்.”

அண்ணா இப்போது திருநெல்வேலியில் வேறு வேலையில் நன்றாக இருக்கிறார். சோகக் கதை ஒன்றுமில்லை. ஆனால் அந்த ‘சும்மா’ தான் இஷிகாமியின் கணக்கில் விடுபட வேண்டிய எண். யாராவது ஒருவர் சும்மா கேட்டிருந்தால் முழுத் திட்டமும் சரிந்திருக்கும். நாவலில் அப்படி ஒருவர் இருக்கவும் செய்கிறார். இஷிகாமியின் பழைய நண்பரான இயற்பியலாளர் யுகாவா, பெஞ்சில் இருந்த ஆள் இப்போது இல்லையே என்று கவனிக்கிறார். துப்பறிவது என்பதே அதுதானோ என்று தோன்றியது.

ஜீத்து ஜோசப்பின் ‘த்ரிஷ்யம்’ 2013இல் வந்தபோது, அது இந்த நாவலைப் போல இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. அவர் மறுத்தார். எனக்கு இரண்டும் எதிரெதிர்க் கதைகளாகத்தான் படுகின்றன. நம் ‘பாபநாச’த்தில் செத்துப்போகிற பையனின் அம்மா போலீஸ் ஐ.ஜி. மொத்தக் கதையும் ஓடுவது அவள் தேடுவதால்தான். அவனுக்கு ஒரு தாய் இருக்கிறாள், அதிகாரம் இருக்கிறது. சுயம்புலிங்கத்தின் திட்டம் தேடலை ஏமாற்றுகிறது. இஷிகாமியின் திட்டமோ தேடலே இருக்காது என்ற உறுதியின் மேல் நிற்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மற்ற இரண்டும் வேறு மாதிரித் தெரிகின்றன. 1971இல் வந்த ‘ஜக்கால்’ ஒரு அதிசயம். பிரெஞ்சு அதிபர் டி கோல் கொலையாளியின் குண்டுக்கு இரையாகவில்லை, 1970இல் தன் வீட்டில்தான் இறந்தார் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஜக்கால் தோற்கப் போகிறான் என்று தெரிந்தே பக்கத்தைப் புரட்டுகிறோம், அவன் துப்பாக்கி சரியாக அமைய வேண்டுமே என்று நாமும் பதறுகிறோம். போலி ஆவணங்கள் செய்துகொடுத்த பெல்ஜியக்காரர் மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்க, அவரைக் கொன்று அவருடைய ட்ரங்குப் பெட்டியிலேயே அடைத்துவிட்டுப் போகிறான். கொலைகாரனுக்காவது கடைசியில் பெயரில்லாத ஒரு சவக்குழியும், அதன் பக்கத்தில் நிற்க போலீஸ் அதிகாரி லெபலும் கிடைக்கிறார்கள். பெட்டியில் இருப்பவரை அதற்குள் வாசகர் மறந்திருப்பார்.

‘கான் கேர்ள்’ 2012இல் வந்தது, அமெரிக்கப் பொருளாதாரச் சரிவின் நாவல். நிக், ஏமி இரண்டு பேருமே நியூயார்க்கில் பத்திரிகை வேலையை இழந்து மிசௌரிக்கு வருகிறவர்கள். அங்கே மூடிக்கிடக்கிற ஷாப்பிங் மாலில் வேலை போன ஆண்கள் கூட்டமாகத் தங்கியிருக்கிறார்கள். ஏமி காணாமல் போனதும் ஊர் முதலில் சந்தேகப்படுவது அவர்களைத்தான். கடைசியில் டெஸியைக் கொன்றுவிட்டு, அவன்தான் கடத்தினான் என்று ஏமி சொல்ல, அதுவே கதையாகிவிடுகிறது. வேலை போனவன் த்ரில்லரில் இரண்டுக்குத்தான் லாயக்கு போல. ஒன்று சந்தேகப்பட, இன்னொன்று சாக.

ஓவராக யோசிக்கிறேன் என்று சிலர் சொல்லலாம். ஒவ்வொரு பிணத்துக்கும் துக்கம் அனுஷ்டித்தால் த்ரில்லரே எழுத முடியாது, அது நியாயம்தான். ஆனால் ஹிகாஷினோ கடமை தவறவில்லை. இன்ஜினியரை ஆரம்பத்திலேயே காட்டுகிறார், ஷேவ் செய்த முகத்தைக் காட்டுகிறார், வேலை என்றதும் வந்ததைக் காட்டுகிறார். அதன் பிறகும் நாம் இஷிகாமியின் காதலுக்காகத்தான் கண் கலங்குகிறோம். தற்கொலைக்குத் தயாராக நின்ற மனிதர், புதிதாகக் குடிவந்த தாயும் மகளும் அழைப்புமணி அடித்ததால் உயிர் பிழைத்தார் என்று படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. தன்னை யாரும் தேடமாட்டார்கள் என்ற நிலையில் இருந்த ஒருவர், அதே நிலையில் இருந்த இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார். ட்விஸ்ட் எனக்கு அதுதான்.

நான்காவதாகப் படித்த ‘லாங் பிரைட் ரிவர்’ 2020இல் வந்தது. ஃபிலடெல்ஃபியாவின் கென்சிங்டன் பகுதி, போதை மருந்து, அடுத்தடுத்துச் சாகும் பெண்கள், அவர்களில் தன் தங்கை இருந்துவிடக் கூடாதே என்று தேடுகிற ஒரு பெண் போலீஸ். வேகத்தில் ஜக்காலின் பக்கத்தில்கூட வராது. நடுவில் நூறு பக்கம் இழுவை. ஆனால் நாவல் ஒரு பட்டியலோடு தொடங்குகிறது. இறந்தவர்களின் பெயர்கள், வரிசையாக. கதைக்குள் போவதற்கு முன்னால் அந்தப் பெயர்களைக் கடந்துதான் போக வேண்டும். மிக்கிக்கு ஒவ்வொரு பிணமும் தங்கையாக இருக்கலாம் என்பதால் எந்தப் பிணமும் ஓரமாக நகர்வதில்லை. பயம் வேகத்தால்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

நான்கில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் இன்னும் ‘சஸ்பெக்ட் எக்ஸ்’ தான் என் பதில். முடிவு தெரிந்தாலும் பரவாயில்லை, முடிவு தெரிந்து படித்தால்தான் முதல் அத்தியாயம் உலுக்கும். கடைசியில் யாசுகோ உண்மையைச் சொல்லிவிடுகிறாள். இஷிகாமி கதறுகிறார். போலீஸ் ஃபைலில் டோகாஷியின் பெயரை அடித்தாக வேண்டும். அந்த இடத்தில் என்ன பெயர் எழுதுவார்கள் என்று சொல்லாமலேயே நாவல் முடிந்துவிடுகிறது.