பூவரசன்பட்டிக்கு வழி எது?

எங்க ஊர் பண்பொழி. திருமலைக்கோயில் படியேறி, மூச்சு வாங்கி, உச்சியில் நின்று பார்த்தால் வயல் தெரியும், குளம் தெரியும், தென்னந்தோப்பு தெரியும். கடல் மட்டும் தெரியாது. ஆனாலும் எங்கள் வீட்டில் கடல் இருந்தது. ஷோகேஸில், என் பி.காம் சர்டிபிகேட்டைவிட மரியாதையான இடத்தில், காலிஃபிளவர் மாதிரி ஒரு வெள்ளைக் கல். தூத்துக்குடியில் வேலை பார்த்த மாமா நான் பிறப்பதற்கு முன்னால் கொண்டு வந்து கொடுத்தது. அம்மா அதற்கு வைத்த பெயர் 'கடல் பூ'.

பவளப்பாறை என்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-லேயே முதல் அட்டவணைக்குப் போய்விட்டது என்று சமீபத்தில்தான் படித்தேன். புலி இருக்கிற அதே அட்டவணை ஸார்! அதாவது, இத்தனை வருஷம் புலித்தோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு சீரியல் பார்த்திருக்கிறோம்.

"ஏல, அத கொண்டுபோயி கடல்லயே போட்டுட்டு வந்துரு" என்றாள் அம்மா. மேல்முறையீடு கிடையாது.

கல்லை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, "ஏர்வாடி பஸ் எங்க நிக்கி அண்ணாச்சி?" என்றேன். கையைக் காட்டினார். ஏறி உட்கார்ந்து ஜன்னல் ஓரமும் பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது வள்ளியூர் பக்கத்து ஏர்வாடி. நான் போக வேண்டியது ராமநாதபுரத்து ஏர்வாடி! இறங்கி, தூத்துக்குடி போய், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி என்று பனைமரங்களை எண்ணிக்கொண்டே போனேன். வழிநெடுக உப்பளம். வெயில் இரண்டு பக்கமும் அடித்தது.

ஏர்வாடியை ஒட்டி பிச்சைமூப்பன் வலசை. அங்கே வனத்துறை கண்ணாடி அடி வைத்த படகு விடுகிறது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர் கடல். இதை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பூங்கா என்றதும் பெஞ்சு, ஊஞ்சல், சுண்டல் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தீவுகளில் நம் இஷ்டத்துக்குக் கால் வைக்கக்கூடாது. குற்றாலத்தில் தண்ணீர் பெருகும்போது சங்கிலியைக் குறுக்கே போட்டு நிறுத்துவார்களே, அந்த மாதிரி. நமக்கு இது பழக்கம்தான்.

படகு நகர்ந்தது. கண்ணாடிக்குக் கீழே முதலில் மணல், அப்புறம் கடல் புல். கடல்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். பசு வரவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள், பவளம்! பழுப்பு, பச்சை, மூளை மாதிரி மடிப்பு, மான்கொம்பு மாதிரி கிளை. நடுவில் வரி போட்ட மீன்கள் ஆபீஸ் விட்ட நேரம் மாதிரி திரும்பித் திரும்பி ஓடின.

"வெள்ளையா ஒண்ணையும் காணோமே அண்ணே?" என்று கேட்டேன்.

படகுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெள்ளையா இருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தம் தம்பி. இல்லாட்டி சாகப் போகுதுன்னு அர்த்தம்."

தண்ணீர் சூடேறினால் பவளம் வெளுக்கும். 2010-லும் 2016-லும் இந்தப் பக்கம் நிறைய வெளுத்துச் செத்திருக்கிறது. ஆக, எங்கள் வீட்டு அழகான கடல் பூ, ஓர் எலும்புக்கூடு. மடியில் இருந்த பை திடீரென்று கனத்தது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "பூவரசன்பட்டித் தீவு எங்க இருக்கு?" என்றேன். அவர் துடுப்பும் இல்லாத வெறும் கையால் கடலைக் காட்டினார். அங்கே தண்ணீர்தான் இருந்தது. "அதான் தீவு. உள்ள இருக்கு."

21-ல் இரண்டு மூழ்கிவிட்டன. இந்தப் பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி. அலையைத் தடுத்துத் தீவைக் காத்தது பவளப்பாறைதான். அதைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளம் வள்ளமாக ஏற்றிக் கரைசேர்த்தார்கள். சூளையில் வெந்து சுண்ணாம்பானது. தடுப்பு போனதும் அலை மணலை அரித்துக்கொண்டு போய்விட்டது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் 1965-ல் 'நெப்டியூன்' என்று பெயர் வைத்து, வசூல் செய்து, கடற்கரையை விலைக்கு வாங்கிக் காப்பாற்றத் தொடங்கியது. அதே காலத்தில் நாம் கடலையே டன் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தோம்.

பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. அது கிளிஞ்சல் சுண்ணாம்பாகவே இருந்திருக்கட்டும், முருகா!

"நானும் சின்னப் பிள்ளையில கல்லு எடுக்கப் போயிருக்கேன்" என்றார் படகுக்காரர், கேட்காமலே. "அன்னைக்கு அது தப்புன்னு யாரும் சொல்லல. இப்ப அதே கல்லைக் காட்டித்தான் சாப்புடுறேன்."

அவரிடம் மட்டும் துண்டைப் பிரித்துக் காட்டினேன். கடலில் போட்டுவிடவா என்று கேட்டதற்குச் சிரித்தார். "போட்டா முளைக்கவா போகுது?"

கரைக்கு வந்து வனத்துறை ஊழியரிடம் ஒப்படைத்தேன். கைவிலங்கை எதிர்பார்த்து நின்ற எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் காட்டுவதற்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். ஒரு நிமிஷம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வளர எத்தனை வருஷம் ஆகியிருக்கும் தெரியுமா?" என்றார். தெரியும் என்று தலையாட்டினேன்.

வீட்டில் ஷோகேஸின் அந்த இடத்தில் இப்போது டிவி ரிமோட் இருக்கிறது. வட்டமாக ஒரு தடம் மட்டும் போகவில்லை. அம்மா துடைத்துப் பார்த்தாள்.