கட்டாத கடிகாரம்

2017 அக்டோபரில் நியூயார்க் ஏலம் ஒன்றில் ஒரு ரோலெக்ஸ் டேட்டோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த வாட்ச். கார்ப் பந்தயப் பித்துப் பிடித்த கணவருக்கு ஜோன் உட்வர்ட் வாங்கித் தந்தது. பார்த்து ஓட்டச் சொல்லிப் பின்மூடியில் எழுத்து வெட்டியிருந்தார். 1984-ல், மணி கேட்டால் சொல்லத் தெரியாமல் விழித்த மகளின் நண்பனிடம், சாவி கொடுத்தால் ஒழுங்காக ஓடும் என்று அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார் மனிதர். பையனும் அதன் மதிப்புத் தெரியாமல் வருஷக்கணக்கில் கட்டித் திரிந்தான்.

இந்தக் கதையைச் சொன்னால் உருகிப்போகிற சேகரிப்பாளர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய வாட்சுகளில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரியவில்லை. பெட்டி, ரசீது, வாரண்டி அட்டை சகிதம் எல்லாம் லாக்கரில் தூங்குகின்றன.

நான் கட்டுவது பழையதாக வாங்கிய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். திருகை உருட்ட உருட்ட உள்ளே சுருள்வில் இறுகுவது விரல் நுனிக்குத் தெரியும். போதுமானதும் அதுவே நின்றுகொள்ளும். காதில் வைத்தால் விநாடிக்கு ஆறு துடிப்பு. ஆனாலும் நாளைக்குச் சில விநாடி பிசகும். பிளாட்பாரத்தில் விற்கும் குவார்ட்ஸ் வாட்ச் இதைவிட யோக்கியம். அதன் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. 1969 கிறிஸ்துமஸ் அன்று சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு விட்டதோடு, சரியான நேரத்துக்காக இயந்திர வாட்ச் வாங்கும் நியாயம் தீர்ந்துபோயிற்று. மிச்சம் கட்டிக்கொள்ளும் சுகம்தான். அதையும் பூட்டி வைப்பானேன்?

என் வாட்சின் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக். உடைந்தாலும் சில்லுச் சில்லாகச் சிதறாது. நிலவுக்குப் போனவர்கள் கட்டிய மாடல் இது; விண்கலத்துக்குள் அது முக்கியம். கதவில் உரசினால் கீறல் விழும், பாலிஷ் பசை தேய்த்தால் போய்விடும். உறையின் கீறல்கள் போகாது. "ரீசேலில் அடிபடுமே சார்" என்று ஒருவர் அங்கலாய்த்தார். விற்கப்போவதாக நான் எப்போது சொன்னேன்?

1969 ஜூலையில் நிலவில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங் தன் ஸ்பீட்மாஸ்டரைக் கலத்திலேயே விட்டுவிட்டார்; ஆல்ட்ரின்தான் கட்டிக்கொண்டு நிலாத் தரையில் நடந்தவர். அந்த வாட்ச் பிற்பாடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் வழியில் காணாமல் போயிற்று. எவனாவது அசல் விவரம் தெரியாமல் அதைக் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறான் என்றால் எனக்குச் சந்தோஷமே.