அஞ்சார் சென்று வந்தோம்

குஜராத் மாநிலத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், மேற்குக் கோடியில் ஆமை ஒன்று கவிழ்ந்து கிடப்பது போன்ற நிலப்பகுதியைக் காணலாம். அதுவே கச்சு. ஆமையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்பர். காஞ்சியில் கச்சபேசர் திருக்கோயிலைக் கண்டவர்களுக்கு இச்சொல் புதிதன்று. திருமால் ஆமை வடிவில் சிவபெருமானை வழிபட்ட தலம் அது என்று தலபுராணம் கூறும்.

பொங்கலும் இந்நாட்டாரின் உத்தராயணமும் சேர்ந்து வந்த விடுமுறையில், எங்கள் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு குடும்பத்தார், பெரியவர்களும் பிள்ளைகளுமாக, பஸ் ஒன்றை அமர்த்திக்கொண்டு அகமதாபாத்திலிருந்து புறப்பட்டோம். துவாரகை, சோமநாதம் முதலிய தலங்களுக்குச் செல்வதே எங்கள் வழக்கம். இம்முறை பள்ளிப் பிள்ளைகள் மிகுதியாக வந்தமையால், அவர்களும் பெற்றோரும் சேர்ந்து காண வேண்டிய ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டோம். அஞ்சார் என்னும் சிற்றூரே அவ்விடம்.

வீரம்காம், ஹல்வத் ஆகிய ஊர்களைக் கடந்து மாளியாவை அடையும்போது நிலத்தின் தோற்றம் மாறிவிடுகிறது. மரங்கள் குறைகின்றன, காற்றில் உப்பு மணக்கிறது. சூரஜ்பாரிப் பாலத்தின் இருமருங்கும் வெண்மையான உப்புக் குவியல்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. “இது தூத்துக்குடி மாதிரி இருக்கிறதே, தாத்தா!” என்று சிறுமி ஒருத்தி கூவினாள். அவள் சொன்னது பொருத்தமே. இந்தியாவில் உப்பு விளைப்பதில் குஜராத் முதல் நிலையிலும், நம் தமிழ்நாடு அதற்கு அடுத்த நிலையிலும் இருந்து வந்திருக்கின்றன. பாலத்தைக் கடந்தால் கச்சு நாடு. வழியில் பச்சாவு என்னும் ஊரைக் கண்டோம். 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அவ்வூர் அநேகமாக முழுவதும் தரைமட்டமாயிற்று. இன்று அங்கே நிற்பவற்றுள் பெரும்பாலானவை அதன்பின் எழுந்த கட்டடங்கள்.

அன்றிரவு காந்திதாமில் தங்கினோம். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது கராச்சித் துறைமுகம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அதற்கு ஈடாகக் காண்ட்லாத் துறைமுகம் வளர்க்கப்பட்டது. சிந்துவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறக் கச்சு மன்னர் 15,000 ஏக்கர் நிலம் அளித்தார். அதில் எழுந்த நகரமே காந்திதாம். பிறந்த மண்ணை விட்டு வந்தோரால் உண்டான ஊர் ஆதலால், நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே அந்நிய உணர்ச்சி தோன்றுவதில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்து, ஓய்வு பெற்றபின் அங்கேயே நிலைத்துவிட்ட பெரியவர் ஒருவர் எங்களை விருந்தோம்பினார். இட்டிலியும் மிளகாய்ப்பொடியும் கச்சு நாட்டில் கிடைத்தது பெரும்பேறு! உணவுக்குப்பின் எங்களில் ஓர் இளைஞர், “அண்ணாச்சி, பூகம்பம் வந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டார்.

“பள்ளி மைதானத்தில் இருந்தேன், தம்பி. குடியரசு நாள் அல்லவா? கொடியேற்றம் பார்க்க மகளை அழைத்துப் போயிருந்தேன். தரை அலைபோல் எழுந்து தாழ்ந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் சரிந்து விழுந்தார்கள். ஓர் ஆசிரியை, ‘யாரும் ஓடாதீர்கள், அப்படியே உட்காருங்கள்’ என்று கத்தினார். உட்கார்ந்தோம். எங்கள் கண் எதிரே பள்ளிச் சுவர் பிளந்தது. மைதானத்தில் இருந்த ஒரு பிள்ளைக்கும் காயமில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் எல்லோரும் அந்தச் சுவருக்குள்ளே இருந்திருப்பார்கள்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “நாளை அஞ்சாருக்குப் போகிறீர்கள். அங்கேயும் அதே நாள், அதே நேரம்; ஆனால் அங்கே பிள்ளைகள் மைதானத்தில் இல்லை” என்றார்.

மறுநாட் காலை அஞ்சாரை அடைந்தோம். பாக்குவெட்டி, கத்தி முதலியவற்றுக்குப் பேர்பெற்ற பழைய ஊர் அது. எங்களுடன் வந்த பாட்டியார் ஒருவர் பேரம் பேசிப் பாக்குவெட்டி ஒன்று வாங்கிக்கொண்டார். ஜேசல், தோரல் என்னும் இருவரின் சமாதி அவ்வூரில் உள்ளது. கொள்ளைக்காரனாயிருந்த ஜேசல், தோரல் அம்மையாரின் பக்தியால் திருந்தினான் என்பது கச்சு மக்கள் போற்றும் கதை.

நிலநடுக்கம் அவ்வூருக்குப் பழைய பகை. 1819ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பெரும் நடுக்கம் நிகழ்ந்து, கச்சின் வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் கரைபோல் மேலெழுந்தது. இறைவன் கட்டிய அணை என்னும் பொருளில் மக்கள் அதனை ‘அல்லா பந்து’ என்றனர். அஞ்சாரில் வாழ்ந்த மக்மர்டோ என்னும் ஆங்கில அதிகாரி அந்த நடுக்கத்தைப் பற்றி எழுதி வைத்தார்; சித்திரங்கள் நிறைந்த அவருடைய மாளிகை இவ்வூரின் காட்சிகளுள் ஒன்று. 1956ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் மீண்டும் ஒரு நடுக்கம் அஞ்சாரைத் தாக்கி, நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று.

மூன்றாவது அடி 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் விழுந்தது. காலை 8 மணி 46 நிமிடம். அஞ்சாரின் பள்ளிப் பிள்ளைகள் குடியரசு நாள் ஊர்வலமாகப் பழைய நகரின் குறுகிய தெரு வழியே சென்றுகொண்டிருந்தனர். இருபுறமும் கல்லாலும் மண்ணாலும் கட்டிய உயர்ந்த வீடுகள். ஒரு நிமிடத்துக்கும் மேலாக நிலம் நடுங்கியது. வீடுகள் இரண்டு பக்கங்களிலிருந்தும் தெருவின்மேல் சாய்ந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் மாண்டனர்.

அவர்கள் நினைவாக எழுப்பப்பட்ட ‘வீர் பாலக் ஸ்மாரக்’ 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. வீரக் குழந்தைகள் நினைவகம் என்று நாம் அதனைக் கூறலாம். உள்ளே அக்குழந்தைகளின் படங்களும் பெயர்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணிக்கையாகக் கேட்கும்போது நெஞ்சைத் தொடாத செய்தி, முகங்களாகக் காணும்போது நெஞ்சைப் பிளக்கிறது. வழியெல்லாம் பட்டம் பற்றியே பேசி வந்த எங்கள் பிள்ளைகள், அங்கே பெரியவர்களின் கைகளைப் பற்றிக்கொண்டு நடந்தார்கள். அவர்களுள் பலர் இன்னும் சில நாட்களில் தத்தம் பள்ளியில் கொடி வணக்க அணிவகுப்புக்குப் போக வேண்டியவர்கள்.

நினைவகத்தை விட்டு வெளியே வந்தபின், ஒரு வேப்பமர நிழலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். தமிழர்களாகிய எங்களுக்குக் கும்பகோணம் நினைவுக்கு வராமற் போகுமா? 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், அங்குள்ள பள்ளி ஒன்றில், சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. கீழே இறங்குவதற்குக் குறுகிய படிக்கட்டே வழியாயிருந்தது. 94 குழந்தைகள் கருகி மாண்டனர். அதற்கு முன்னே, 1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், ஹரியானாவின் தப்வாலி என்னும் ஊரில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடந்துகொண்டிருந்தபோது பந்தல் தீப்பற்றியது. வெளியேறும் வழி போதாமல் நானூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

ஓர் இடத்தில் நிலநடுக்கம். மற்ற இரண்டிடங்களில் தீ. ஆயினும் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அக்குழந்தைகள் நல்ல காரியத்தில் ஈடுபட்டிருந்தனர். ஒரு சாரார் கொடி ஏந்திச் சென்றனர். ஒரு சாரார் பாடம் படித்தனர். ஒரு சாரார் ஆடிப்பாடினர். ஆபத்து வந்தபோது அவர்களுக்கு வெளியேற வழி இல்லை. காந்திதாம் மைதானத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் அஞ்சார்த் தெருவில் சென்ற பிள்ளைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு திறந்த வெளி ஒன்றே.

நிலநடுக்கத்தைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. ஆனால் வழியைத் திறந்து வைக்கும் ஆற்றல் எல்லாருக்கும் உண்டு. கும்பகோணத் துயரத்துக்குப்பின் தொடுக்கப்பட்ட வழக்கில், 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் குழந்தையின் கல்வி உரிமையில் அடங்கும் என்றும், பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், அவற்றைக் கையாள ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தரவேண்டும், கட்டடங்களைப் பொறியாளர் காலந்தோறும் சோதிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. அது நாடு முழுமைக்கும் உரியது. காவிரிக் கரையில் மாண்ட குழந்தைகள், சபர்மதிக் கரையில் படிக்கும் நம் குழந்தைகளுக்கு ஒரு காவலை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்வது நம் கடமை.

பிற்பகலில் பூஜ் நகரம் சென்று, பூஜியா மலையில் 470 ஏக்கரில் அமைந்த ஸ்மிருதிவனத்தையும் கண்டோம். மாண்டவர்களின் பெயர்கள் அங்கே நீர்த்தேக்கச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்குள்ள காட்சியகத்தில், நில அதிர்ச்சி எப்படியிருக்கும் என்பதை உணரச் செய்யும் அறை ஒன்று உண்டு. முதலில் சிரித்துக்கொண்டு நுழைந்த பிள்ளைகள், தரை ஆடத் தொடங்கியதும் சிரிப்பை மறந்தனர். நடுங்கும்போது மேசைக்கு அடியிற் புகுந்து, தலையை மறைத்துக்கொண்டு, மேசைக் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். அடங்கியபின் ஓடாமல் வரிசையாக நடந்து, சுவரும் மின்கம்பியும் இல்லாத வெளியில் கூடவேண்டும். ஏட்டில் படித்த இப்பாடம் அன்றுதான் அவர்கள் மனத்தில் பதிந்தது.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் பிள்ளைகளே பேச்சைத் தொடங்கினர். “எங்கள் பள்ளியில் ஒத்திகை உண்டு, மணி அடித்தால் இறங்கி மைதானத்தில் நிற்போம், டீச்சர் பெயர் கூப்பிடுவார்” என்றாள் ஒருத்தி. “எங்கள் பள்ளியில் இரண்டாவது படிக்கட்டு இருக்கிறது, ஆனால் அதன் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பையன்கள் நடுவில் வெளியே போய்விடுவார்களாம்” என்றான் ஒரு சிறுவன். பஸ்ஸில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

ஊர் வந்து சேர்ந்த வாரத்திலேயே அப்பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஐவர் தலைமை ஆசிரியரைக் கண்டு பேசினர். அவர்கள் சண்டையிடச் செல்லவில்லை. அஞ்சாரில் கண்டதைக் கூறினர். அவரும் பொறுமையுடன் கேட்டார். பூட்டு நீங்கியது, பள்ளி நேரத்தில் அக்கதவருகே காவலர் ஒருவர் நிற்கிறார். மாணவர் ஒழுங்கும் கெடவில்லை. இச்செய்தியை அன்பர்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

வெளியூரில் வாழும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததே பெரிது, இதில் கேள்வி வேறு கேட்பதா என்று ஒதுங்கிவிடுகிறோம். மொழியும் இடையில் நிற்கிறது. அத்தயக்கத்தை விட வேண்டும். கேட்க வேண்டியவை சிலவே. இறங்க எத்தனை படிக்கட்டுகள்? பள்ளி நேரத்தில் அவை திறந்திருக்கின்றனவா? ஒத்திகை எப்போது நடந்தது? கூடும் வெளி எது? ஊர்வலம் சென்றால் எந்தத் தெரு வழியே? ஆண்டு விழா மண்டபத்துக்கு எத்தனை வாயில்கள்? இவற்றைக் கேட்பதற்கு இந்தியும் குஜராத்தியும் சரளமாக வரவேண்டியதில்லை. குஜராத் அரசின் பேரிடர் மேலாண்மை ஆணையமும் பள்ளிப் பாதுகாப்பு வாரம் நடத்தி வந்திருக்கிறது ஆதலின், இங்குள்ள ஆசிரியர்களுக்கு இக்கேள்விகள் புதியனவாகத் தோன்றமாட்டா.

அஞ்சார் என்னும் ஊர்ப் பெயர் தமிழ்ச் செவிக்கு ‘அச்சம் இல்லாதவர்’ என்று ஒலிக்கும். ஆனால் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதே அறிவு என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அவ்வச்சம் நம்மை வீட்டுக்குள் முடக்கக் கூடாது. பூட்டிய கதவைத் திறக்கச் செய்ய வேண்டும்.

எங்கள் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆண்டு விழா வருகிற பங்குனித் திங்களில் நடைபெறும். மண்டபத்தின் மூன்று வாயில்களும் விழா முடியும்வரை திறந்திருக்கும். நாற்காலிகளுக்கு இடையே நடைவழி விடப்படும். கடவுள் வாழ்த்துக்கு முன்னர், வெளியேறும் வழிகளை மாணவர் ஒருவர் மேடையில் நின்று தமிழில் அறிவிப்பார். குடும்பத்துடன் வந்திருந்து சிறப்பிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.